தரிபடும் நேரம்



ஷவ்வால் பிறந்துவிட்டால் அரபி மதரஸாக்களில் புதிய கல்வியாண்டு தொடங்கிவிடும். பெருநாள் மகிழ்ச்சி ஓயும் முன்னரே நம் ஊர்களில் பல வீடுகளில் பிள்ளைகளுக்குப் பெட்டி கட்டத் தொடங்குவார்கள். இவ்வாண்டு எமது இளைய மகனும் ஹிஃப்ழு வகுப்பில் சேர்ந்து, விடுதியில் தங்கி ஓதப் புறப்பட்டான். பதின்மூன்று வயது நிரம்பாத பிள்ளை. புறப்படும் முன் அவன் நிறைவேற்ற வேண்டிய வாக்கு ஒன்று இருந்தது. அதை நிறைவேற்றக் கிடைத்த நேரமோ இரண்டு நாட்களுக்கும் குறைவு. அந்த இரண்டு நாட்களில் எம் வீட்டில் நடந்ததைப் பிள்ளைகளை வளர்க்கும் பெற்றோருடன் பகிர்ந்துகொள்வது பயனளிக்கும் என்று எண்ணி இதை எழுதுகிறோம்.

எம் தந்தையார் எண்பத்தைந்து வயதைக் கடந்தவர். இளமையில் கொழும்பு புறக்கோட்டையில் துணிக்கடை வைத்திருந்தார்கள். அக்காலத்தில் நம் கடலோர ஊர்களிலிருந்து இலங்கைக்குச் சென்றோர் பெரும்பாலும் தனுஷ்கோடி வரை ரயிலிலும், அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பலிலும் சென்றனர். 1964 டிசம்பரில் வீசிய புயல் தனுஷ்கோடியை அழிக்கும் வரை அதுவே பெருவழி. ஆயினும் தந்தையார் ஒரே ஒரு முறை, தம் பதினைந்தாம் வயதில், மதராஸிலிருந்து விமானத்தில் சென்றிருக்கிறார்கள். அது ஏர் சிலோன் நிறுவனத்தின் டகோட்டா விமானம். அந்நிறுவனம் 1947 டிசம்பரில் தன் சேவையைத் தொடங்கியதே டகோட்டாவைக் கொண்டுதான். இரத்மலானை, காங்கேசன்துறை, மதராஸ் என்பது அதன் முதல் தடம்.

அந்தப் பயணத்தைத் தந்தையார் எத்தனையோ முறை விவரித்திருக்கிறார்கள். டகோட்டாவின் பெரிய சக்கரங்கள் இரண்டும் முன்பக்கம் இருக்கும். வாலின் கீழே ஒரு சிறு சக்கரம். ஆகவே தரையில் நிற்கும்போது அதன் மூக்கு வானை நோக்கி உயர்ந்தும் வால் தாழ்ந்தும் இருக்கும். பின்பக்கக் கதவு வழியாக ஏறுவோர் தம் இருக்கைக்குப் போவதற்கே மேடேறுவதுபோல் நடக்க வேண்டும். “விமானம் பறப்பதற்கு முன்னரே நாங்கள் மலை ஏறிவிட்டோம்” என்று சொல்லிச் சிரிப்பார்கள்.

1960களின் நடுவில் கொழும்பில் ஒரு கடையில் அதே டகோட்டாவின் சிறு மாதிரியைச் செய்வதற்கான பிளாஸ்டிக் பாகங்கள் அடங்கிய பெட்டியைக் கண்டு, ஊரிலிருந்த தம் தம்பிக்காக வாங்கினார்கள். அவர்கள் ஊர் திரும்பியபோது தம்பி பிழைப்புத் தேடிப் பினாங்கு சென்றுவிட்டிருந்தார். பெட்டி டிரங்குப் பெட்டிக்குள் போனது. அறுபது ஆண்டுகள் அங்கேயே கிடந்தது.

சென்ற ரமளானில் ஏதோ ஒரு பத்திரத்தைத் தேடும்போது அது வெளியே வந்தது. எம் மகன் அதை விட்டு நகரவில்லை. “அப்பா, நான் மதரஸாவுக்குப் போவதற்குள் இதைச் செய்து உங்கள் கையில் தருகிறேன்” என்றான். எங்கள் ஊர் வழக்கப்படி பாட்டனாரை அவன் ‘அப்பா’ என்றே அழைப்பான். தந்தையார் அவன் தலையைத் தடவி, “இன்ஷா அல்லாஹ். அடுத்த விடுமுறைக்கு நீ வரும்போது நான் இருப்பேனோ, அல்லாஹ்தான் அறிவான். இருக்கும்போதே பார்த்துவிடுகிறேன்” என்றார்கள். பிள்ளை விளையாட்டாகத் தொடங்கிய பேச்சு அந்தச் சொல்லோடு கனத்துவிட்டது. வாக்கை நிறைவேற்றுவது முஃமினின் பண்பு என்று பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தும் நாம், எம் வீட்டுப் பிள்ளை கொடுத்த வாக்கைச் சிறியதென்று ஒதுக்க இயலாது.

பெருநாளைத் தொடர்ந்து உறவினர் வீடுகளுக்குச் செல்வது, துணி தைப்பது, சான்றிதழ்கள் எடுப்பது என்று நாட்கள் ஓடின. இறுதியில் மிஞ்சியது வியாழன் அஸரிலிருந்து சனி லுஹர் வரையிலான நேரம் மட்டுமே. சனி மாலை அவனுக்கு ரயில்.

பெட்டியைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். அது ஏர்ஃபிக்ஸ் என்னும் ஆங்கிலேய நிறுவனத்தின் தயாரிப்பு. 1939இல் தொடங்கப்பட்ட அந்நிறுவனம் முதலில் காற்றடைத்த ரப்பர் பொம்மைகளையும் பின்னர் சீப்புகளையும் செய்து விற்றது. 1952இல் பழைய பாய்மரக் கப்பல் ஒன்றின் சிறு மாதிரியைத் துண்டு துண்டாக வார்த்து, பையிலிட்டு, இரண்டு ஷில்லிங் விலையில் வுல்வொர்த் கடைகளில் விற்கத் தொடங்கியது. அதன்பின் விமானங்கள் வந்தன. டகோட்டா 1960இல் வெளிவந்தது. அளவு எழுபத்திரண்டில் ஒன்று. அதாவது ஆறடி மனிதர் ஓர் அங்குலமாகிவிடுவார். ஏறத்தாழ 29 மீட்டர் அகலச் சிறகுடைய விமானம் 40 சென்டிமீட்டர் அகலத்தில் நம் மேசைமேல் நிற்கும்.

வியாழன் அஸர் தொழுதுவிட்டு வந்ததும் மகன் முதலில் தேடியது பசையைத்தான். நாம் செயல்முறைத் தாளை அவன் முன் விரித்து, எந்தெந்த இடத்தில் காத்திருக்க வேண்டியிருக்கும் என்று முதலில் குறிக்கச் சொன்னோம். நேரம் குறைவாக உள்ள வேலையில் கையின் வேகத்தால் மிஞ்சுவது சொற்பமே. காத்திருக்கும் நேரங்களை எங்கே வைக்கிறோம் என்பதில்தான் வேலை முடிவதும் முடியாததும் இருக்கிறது.

இவ்வேலைக்கான பசை, காகிதத்துக்குப் பூசும் பசையைப் போன்றதன்று. பிளாஸ்டிக்கின் மேற்பரப்பை அது சற்றே கரைக்கும். கரைந்த இரு பரப்புகளும் சேர்ந்து ஒரே பொருளாகும். கரைப்பான் காற்றில் ஆவியாகி வெளியேறியபின் இணைப்பு கெட்டியாகும். சில நிமிடங்களில் பிடித்துக்கொண்டதுபோல் தோன்றினாலும் உள்ளே இன்னும் இளகியே இருக்கும். அந்நிலையில் அசைத்தால் கோணிவிடும். உப்புத்தாளால் தேய்த்தால் விரிந்துவிடும். விமான உடலின் இரு பாதிகளையும் சேர்க்கும் நீண்ட இணைப்புக்குப் பல மணி நேரம் கொடுப்பதே முறை. எனவே அந்த நீண்ட காத்திருப்பை இரவு உறக்கத்தின் மேல் வைப்பது என்று முடிவாயிற்று.

அன்று மாலை பாகங்கள் அனைத்தையும் சவர்க்கார நீரில் கழுவித் துண்டின்மேல் பரப்பினோம். வார்ப்பச்சிலிருந்து ஒட்டிவந்த எண்ணெய்ப் பசையும் அறுபதாண்டுத் தூசியும் நீங்கினால்தான் வண்ணம் பிடிக்கும். மஃரிப் தொழுது வருவதற்குள் அவை உலர்ந்துவிட்டன. சட்டகத்திலிருந்து பாகங்களை நகவெட்டியால் நறுக்கி, ஓரத்துப் பிசிறுகளைப் பிளேடால் சீவினோம். சன்னல் கண்ணாடிகளை உள்ளே பொருத்தியாயிற்று. இஷாவுக்குப் பின் உடலின் இரு பாதிகளையும் சேர்த்து ரப்பர் வளையங்களால் கட்டினோம். சிறகுகளின் மேல்பாதியும் கீழ்ப்பாதியும் துணிக் கிளிப்புகளின் பிடியில் இரவைக் கழித்தன. நெடி தலைக்கேறாமல் இருக்கச் சன்னல்கள் திறந்தே இருந்தன.

இடையில் மகன் ஒரு கேள்வி கேட்டான். பெட்டிக்குள் விமானிகளின் சிறு உருவங்கள் இரண்டு இருந்தன. “வாப்பா, இவர்களை உள்ளே உட்கார வைக்கலாமா?” நல்ல கேள்வி. உருவம் செய்வதைத் தொழிலாகக் கொண்ட ஒருவருக்கு இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள், மரங்களையும் உயிரற்ற பொருட்களையும் செய்துகொள்ள வழிகாட்டியதை ஹதீஸ் நூல்களில் காண்கிறோம். விமானம் உயிரற்ற பொருள். அதில் தடையேதும் இல்லை. பிள்ளைகள் விளையாடும் பொம்மைகளைப் பொறுத்தவரை, அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் விளையாட்டுப் பொம்மைகள் பற்றிய அறிவிப்பை வைத்து, அறிஞர்களில் மிகப் பலர் அனுமதி அளிக்கின்றனர். ஆனால் இது விளையாடித் தேயப்போகும் பொருளன்று. கண்ணாடி அலமாரியில் வைக்கப்போவது. ஆதலால் பேணுதலாக இருக்கைகளைக் காலியாகவே விடுவோம் என்றோம். அருகில் இருந்து கேட்ட தந்தையார், “ஏறுகிறவர்களுக்கு இடம் இருக்கட்டும்” என்றார்கள்.

வெள்ளி ஸுபுஹுக்குப் பின் ரப்பர் வளையங்களை அவிழ்த்தபோது உடல் ஒரே துண்டாக இருந்தது. இணைப்பின் மேடுகளை ஈர உப்புத்தாளால் தேய்த்து, இடைவெளிகளில் பட்டி வைத்தோம். பட்டி உலரும் நேரத்தில் ஜும்ஆவுக்கான குளிப்பு, சூரத்துல் கஹ்ஃப் ஓதுதல், பள்ளிக்குச் செல்லுதல் யாவும் நிறைவேறின. திரும்பி வந்தபோது பட்டி கல்லாகியிருந்தது. காலை முழுவதும் எதையும் விடவில்லை, எதற்கும் விரையவுமில்லை.

வண்ண எழுத்துகளும் சின்னங்களும் அச்சிட்ட ஒட்டுத்தாள் ஒன்று பெட்டியில் இருந்தது. நீரில் நனைத்து நழுவவிட்டு ஒட்டும் வகை. அது மஞ்சளாகிப் போயிருந்தது. பல நாட்கள் வெயில் படும் கண்ணாடியில் ஒட்டிவைத்தால் மஞ்சள் நிறம் சற்று மங்கும் என்பார்கள். எமக்குப் பல நாட்கள் இல்லை. தேவையற்ற ஒரு சிறு துண்டை வெதுவெதுப்பான நீரில் இட்டுச் சோதித்தோம். நொடியில் அது தூள் தூளாகச் சிதறியது. மகனின் முகம் வாடிவிட்டது. தந்தையார், “அதில் இருப்பது நான் போன விமானத்தின் பெயரும் அல்லவே! வெள்ளி நிறம் போதும்” என்றார்கள். நேரம் குறையும்போது எதை விட்டுவிடலாம், எதை விட இயலாது என்று பிரித்தறிவதும் ஓர் அறிவுதான். எழுத்துகளை விட்டோம், இணைப்புகளை விடவில்லை.

ஜும்ஆவுக்குப் பின் சிறகுகளை உடலோடு பொருத்தினோம். டகோட்டாவின் வெளிச்சிறகுகள் நுனியை நோக்கிச் சற்றே மேலெழும். இரு பக்கமும் ஒரே அளவில் எழ வேண்டும் என்பதற்காக, நுனிகளுக்குக் கீழே தீப்பெட்டிகளை அடுக்கி முட்டுக் கொடுத்தோம். அஸர் தொழுதுவிட்டு வந்து வெள்ளி வண்ணம் பூசுவது என்பது திட்டம்.

அஸர் தொழுது திரும்பியபோது வீடு நிறைய விருந்தினர். பிள்ளையை வழியனுப்ப மாமியும் சாச்சாவும் அவர்கள் பிள்ளைகளும் வந்திருந்தனர். தேநீர், பலகாரம், துஆ, அறிவுரை என்று பொழுது போயிற்று. மகன் ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை மேசையைப் பார்த்தான். விருந்தினரின் உரிமை முந்தியது என்று அவனுக்குத் தெரியும். அதனால் வாய் திறக்கவில்லை. அவர்கள் விடைபெற்றபோது மஃரிபுக்குப் பாங்கு சொல்லிவிட்டார்கள். திட்டத்தில் ஏறத்தாழ மூன்று மணி நேரம் கரைந்துவிட்டது.

நாம் பள்ளிவாசலுக்குப் புறப்பட்டோம். தந்தையாருக்கு முழங்கால் வலி அதிகமாகையால் அன்று வீட்டிலேயே நாற்காலியில் அமர்ந்து தொழுதார்கள். மகனைத் தமக்குத் துணையாக நிறுத்திக்கொண்டார்கள். ஃபர்ளுக்குப் பின் மகன் தனியே சுன்னத்துத் தொழுததைத் தந்தையார் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாம் வீடு திரும்பி வாசலில் செருப்பைக் கழற்றும்போது அவர்கள் குரல் கேட்டது. கோபம் இல்லாத, தாழ்ந்த குரல்.

“சிறகின் பசைக்கு எவ்வளவு நேரம் கொடுத்தாய், வாப்பா?”

“மூன்று மணி நேரத்துக்கு மேல், அப்பா.”

“உன் ருகூவுக்கு?”

மகன் பதில் சொல்லவில்லை.

“பிளாஸ்டிக் இணைவதற்கு மூன்று மணி நேரம் கொடுத்த பிள்ளை, முதுகெலும்பு நிலைகொள்வதற்கு ஒரு ஸுப்ஹானல்லாஹ் சொல்லும் நேரம் கொடுக்க மாட்டாயா?”

எமது மதரஸாவில் இருபது ஆண்டுகளாகத் தொழுகையின் ஃபர்ளுகளைப் பாடமாக நடத்தி வருகிறோம். ருகூவிலும், இஃதிதாலிலும், ஸுஜூதிலும், இரு ஸுஜூதுகளுக்கு இடைப்பட்ட இருப்பிலும் தரிபடுதல் கட்டாயம் என்று ஷாஃபிஈ மத்ஹபின் நூல்களில் படிக்கிறோம். அசைவு அடங்கி, உறுப்புகள் தத்தம் இடத்தில் நிலைபெறுவதே அது. ஒருமுறை தஸ்பீஹ் சொல்லும் அளவேனும் அது இருக்க வேண்டும். பள்ளிவாசலில் ஒருவர் விரைந்து தொழுதபோது நபி (ஸல்) அவர்கள் அவரை மூன்று முறை திருப்பி அனுப்பி, மீண்டும் தொழுமாறு பணித்து, பின்னர் ஒவ்வொரு நிலையிலும் அமைதி பெறுமாறு கற்றுக்கொடுத்த வரலாற்றை மாணவர்கள் மனனமாகச் சொல்வார்கள். தந்தையார் கிதாபு ஓதியவர்கள் அல்லர். துணி அளந்து விற்றவர்கள். ஆயினும் அந்தப் பாடத்தை அவர்கள் கொண்டுபோய் நிறுத்திய இடத்தில், இதுவரை எந்த ஆசிரியரும் நிறுத்தி நாம் கேட்டதில்லை.

இணைப்பு என்பது இரண்டு பொருள்கள் தொட்டுக்கொள்வதால் உண்டாவதில்லை. தொட்ட நிலையில் சற்று நேரம் அசையாமல் இருப்பதால் உண்டாகிறது. குனிவதும் எழுவதும் சிரம் தாழ்த்துவதும் தொடுதல் மட்டுமே. தரிபடுதலில்தான் அடியானின் உள்ளம் அந்த நிலையோடு இணைகிறது. இணையும் முன்னே அசைத்துவிட்டால், வெளிப்பார்வைக்குத் தொழுகை முழுமையாகத் தெரியும். தூக்கிப் பார்த்தால் சிறகு கையோடு வந்துவிடும்.

மகன் எழுந்து மறுபடியும் அந்த இரண்டு ரக்அத்துகளைத் தொழுதான். யாரும் சொல்லவில்லை. மேசைமீது வெள்ளி வண்ணம் மூடி திறவாமல் காத்திருந்தது. அவன் மிக நிதானமாகத் தொழுது ஸலாம் கொடுத்தான். தந்தையார் கண்களை மூடித் தஸ்பீஹ் செய்துகொண்டிருந்தார்கள்.

அதன்பின் கணக்கை மீண்டும் போட்டோம். எண்ணெய் கலந்த எனாமல் வண்ணம் பூசினால் இரவு முழுதும் ஒரே பூச்சுக்குப் போய்விடும். நீரில் கரையும் அக்ரிலிக் வண்ணம் அரை மணி நேரத்தில் தொடும் அளவுக்கு உலர்ந்துவிடும். அதையே எடுத்தோம். மஃரிபுக்குப் பின் ஒரு பூச்சு. இஷாவுக்குப் பின் ஒன்று. வெள்ளி நிறம் எந்தக் கீறலையும் மறைக்காது. அடியில் உள்ள சிறு குறையையும் காட்டிக்கொடுத்துவிடும். காலையில் நிதானமாகத் தேய்த்த இணைப்புகள் இப்போது கைகொடுத்தன. உடலின் நடுக்கோட்டைத் தேடினாலும் காண முடியவில்லை.

சனி ஸுபுஹுக்குப் பின் சக்கரங்கள், இயந்திரங்கள், சுழலிகள் ஆகியவை இடம்பெற்றன. விமானிகள் அமரும் முன்கண்ணாடியைப் பொருத்த, மரவேலைக்குப் பயன்படும் வெள்ளைப் பசையை எடுத்தோம். மற்றைய பசை கண்ணாடியைப் புகைபடியச் செய்துவிடும், இதுவோ உலர்ந்தால் தெளிந்துவிடும். பதினொரு மணியளவில் வேலை முடிந்தது. அல்ஹம்துலில்லாஹ்.

மகன் அதை இரு கைகளாலும் ஏந்திப் பாட்டனாரிடம் கொடுத்தான். தந்தையார் அதை மடிமீது வைத்து, மூக்கு உயர்ந்தும் வால் தாழ்ந்தும் நிற்பதைப் பார்த்தார்கள். பின்பக்கக் கதவிலிருந்து முன்னோக்கி, உடலின்மேல் ஒரு விரலை மெதுவாக நகர்த்திச் சென்று ஓரிடத்தில் நிறுத்தினார்கள். “இங்கேதான் உட்கார்ந்திருந்தேன்” என்றார்கள். அதற்குமேல் பேசவில்லை. மகன் லுஹர் தொழுகைக்கு உளூச் செய்யச் சென்றான்.

ஆலிம் வீட்டில் இதற்கெல்லாம் நேரமா என்று எம்மிடம் ஒருவர் கேட்டார். பிள்ளையோடு ஒரு மேசையில் இரண்டு நாட்கள் அமர்ந்திருக்க ஒரு காரணம் கிடைத்தால், அதை வீண் என்று தள்ளிவிடாதீர்கள் என்பதே எமது பதில். வக்துகளைக் கொண்டு நாளைப் பகுத்து வைத்திருக்கும் மார்க்கம் நம்முடையது. ஐந்து நேரத் தொழுகை வேலைக்குத் தடையாக வருகிறது என்று நினைக்கும் பிள்ளைக்கு, அந்த இடைவெளிகளில்தான் வேலை உறுதிப்படுகிறது என்பதைக் கைவேலை ஒன்றின் மூலம் காட்ட முடியும். அது தையலாக இருக்கலாம், தச்சுவேலையாக இருக்கலாம், மாவு பிசைந்து ஊறவைக்கும் சமையலாகவும் இருக்கலாம். கட்டாயம் காத்திருந்தே ஆக வேண்டிய ஒரு வேலையைப் பிள்ளைகளின் கையில் கொடுங்கள். தொட்டால் உடனே திறக்கும் திரைகளோடு வளரும் அவர்களுக்கு, நிலைபெறுவதற்கு நேரம் தேவை என்பதை அது கற்றுக்கொடுக்கும். குர்ஆன் மனனமும் அவ்வாறே. இன்று ஓதிய பக்கம் இன்றே பதிந்துவிட்டதுபோல் தோன்றும். மீண்டும் மீண்டும் ஓதித் தரிபட்டால்தான் அது உள்ளத்தில் தங்கும். எம் மகன் இனி வரும் ஆண்டுகளில் அதைத் தானே அறிந்துகொள்வான், இன்ஷா அல்லாஹ்.

வெள்ளிதோறும் விடுதியிலிருந்து பேச அனுமதி உண்டு. முதல் வெள்ளியன்று அவன் பாட்டனாரிடம் முதலில் கேட்டது, “அப்பா, சிறகு தொங்கவில்லையே?” என்பதுதான். “இல்லை, நிலையாக நிற்கிறது. நீ எப்படி இருக்கிறாய்?” என்றார்கள் தந்தையார்.

கருணையுள்ள அல்லாஹ் நம் பெரியோரின் ஆயுளில் பரக்கத் செய்வானாக. நம் பிள்ளைகளின் நெஞ்சில் அவன் வேதத்தை நிலைபெறச் செய்வானாக. நம் தொழுகைகளில் அமைதியையும், நமக்கு அளிக்கப்பட்ட குறுகிய நேரத்தில் நிறைவையும் தந்தருள்வானாக. ஆமீன்.